யாரும் சுகமில்லை என்று சொல்லாத வாரம்

தம்பி,

போன சனிக்கிழமை நீ உன் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நின்றபோது, கொப்பன்ஹேகன் கட்டடத் தளத்தில் உனக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்யப்போகிறார்கள் என்று கேட்டேன். நாற்பது பேர் என்றாய். நாற்பது பேரையும் எப்படியடா பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டதற்கு, பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்தபடியே டேனிஷில் பதில் சொன்னாய். எல்லாவற்றுக்கும் விதி எழுதி இருக்கிறது, அதன்படி நடந்தால் ஒருவருக்கும் ஒன்றும் வராது என்று. நான் தலையை ஆட்டிவிட்டு, புட்டுக் கட்டின பார்சலை முன் சீற்றில் வைத்தேன். கார் சந்தியில் திரும்பும்வரை வாசலிலே நின்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்தின பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. நீ சொன்ன அதே வசனத்தை, ஏறத்தாழ அதே குரலில், நானும் ஒரு காலம் சொல்லியிருக்கிறேன்.

இதை உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் கதை எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். நான் தமிழில் கேட்பேன், நீ டேனிஷில் சொல்வாய், பாதியில் உனக்கு வேறு போன் வரும். வேலைத்தளத்தில் என் டேனிஷ் நன்றாகத்தான் ஓடும். அளவு, திகதி, கோபம் எல்லாவற்றையும் அதில் சொல்லுவேன். வெட்கப்படுகிற விஷயத்தைச் சொல்ல அந்த மொழி எனக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மெதுவாக வாசி.

கொரோனாக் காலத்தில் எங்கள் கம்பனி எப்படித் தப்பியது என்று ஊருக்குள் ஒரு கதை இருக்கிறது. ஒருவரையும் வேலையால் நிற்பாட்டவில்லை, எல்லாரும் உயிரோடு மீண்டார்கள், ஒரு பொம்பிளை தனியே நின்று ஒன்பது பேரைக் கொண்டு நடத்தினாள் என்று கலியாண வீடுகளில் சொல்லுவார்கள். நான் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கதைக்குள் நான் சொல்லாமல் விட்ட ஒரு வாரம் இருக்கிறது. உன் அப்பாவுக்கே அதில் பாதிதான் தெரியும்.

அந்த நேரம் நீ ஓர்ஹுஸில் படித்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பதினாறு வருசத்துக்கு முன், ஹேர்னிங்கில் நான் வேலை செய்த துணித் தொழிற்சாலை மூடினபோது பெயின்ற் வேலை பழகப் போனவள் நான்; எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, வகுப்பில் மற்றவர்களுக்குப் பதினெட்டு. பிறகு சொந்தமாகக் கம்பனி தொடங்கினபோது முதல் ஆளாக வந்து சேர்ந்தவர் ஹென்றிக். நல்ல தச்சுவேலைக்காரர், என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். தமிழ்ப் பொம்பிளைக்குக் கீழே வேலை செய்யப் போகிறாயா என்று அவரை ஆட்கள் பகிடி பண்ணினார்களாம். அவள் தொடங்கினதை முடிப்பாள், அது எனக்குப் போதும் என்றாராம். சுவர்ப் பூச்சுவேலைக்குப் போலந்துக்காரன் மாரெக் வந்தான். பிறகு மன்னாரிலிருந்து வந்த அன்ரன், நீ மாமா என்று கூப்பிடுகிற எங்கள் அன்ரன், பெயின்ற் வேலைக்கு வந்தான். இப்படியே ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பழைய கட்டடங்களைத் திருத்துவது, புதிய அறைகள் கட்டி முடிப்பது, இதுதான் எங்கள் வேலை.

மார்ச் மாதம் நாடு மூடப்பட்டபோது எங்களிடம் ஒரு பெரிய வேலை கையில் இருந்தது. ஸ்கீவ ஊருக்குப் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லம். அதோடு ஒட்டினாற்போலப் புதிதாக ஒரு பகுதி கட்டிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம், பெரிய கடைத்தொகுதி, கோயில், தேவாலயம் எல்லாம் மூடினார்கள். கட்டட வேலை நடக்கலாம் என்றார்கள். கொமூனிலிருந்து, அதுதான் நகரசபையிலிருந்து, ஒரு பெண் போன் எடுத்து, அந்தப் புதிய அறைகள் முன்னைவிடக் கெதியாக வேண்டும், நோய் வந்தால் வயோதிபர்களைப் பிரித்து வைக்க வேறு இடம் இல்லை என்றார். எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை, கடமையாகத் தெரிந்தது. இதையும் நீ நினைவில் வைத்துக்கொள். அவசரப்படுத்துகிற காரணம் நல்ல காரணமாக இருந்தால், மற்ற எதையும் யோசிக்க வராது.

நான் ஒன்றும் கவனமில்லாமல் இருக்கவில்லை. விதிமுறைகளை டேனிஷ், போலிஷ், தமிழ் மூன்றிலும் எழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டு, கதவுக்குக் கதவு ஒட்டினேன். கை கழுவுகிற தண்ணீருக்கு வெளியிலே தனிக் குழாய் இழுத்தோம். நாங்கள் இருந்து சாப்பிடுகிற வண்டிக் கொட்டிலில் ஐந்து கதிரைதான் விட்டேன், இரண்டு தரமாகச் சாப்பிடச் சொன்னேன். வேலைக்குப் போய்வருகிற ஒரு வானில் இரண்டு பேர், அதுவும் எப்போதும் அதே இரண்டு பேர் என்று பிரித்தேன். அன்ரனும் ஹென்றிக்கும் பக்கத்துப் பக்கத்துத் தெரு, அதனால் அவர்கள் ஒரு வான். முதியோர் இல்லத்தையும் எங்கள் பகுதியையும் இணைக்கிற நடைபாதையைத் தடித்த பிளாஸ்ரிக் சீலையால் மூடினோம். இதன்படி நடந்தால் ஒருவருக்கும் ஒன்றும் வராது என்று எல்லாரையும் வெளியில் நிறுத்திச் சொன்னேன். என்மேல் எனக்கு நல்ல திருப்தி.

மூன்றாம் கிழமை மாரெக் இருமல் என்று இரண்டு நாள் வேலைக்கு வராமல் நின்றான். அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் போலந்தில், எல்லை மூடியிருந்தது, பாவம், தனி அறையில் இருந்து காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கடைசியில் அது மரப்பூந்தூளால் வருஷா வருஷம் வருகிற இருமல். அவன் திரும்பி வந்த அன்றைக்கு வேறொருவன் தொண்டை நோ என்று நின்றான். பூச்சு முடியாமல் பெயின்ற் அடிக்க முடியாது, பெயின்ற் அடிக்காமல் ஹென்றிக் கதவு நிலை பொருத்த முடியாது. கொமூன் பெண் மறுபடியும் போன் எடுத்திருந்தார். அடுத்த நாள் காலை, கொட்டிலுக்கு வெளியே எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டு நிற்க, நான் சொன்னேன்: "ஒவ்வொரு தும்மலுக்கும் வீட்டில நிண்டால், பேந்து திரும்பி வாறதுக்குக் கம்பனி இருக்காது."

மாரெக் கோப்பைக்கு மூடியைப் போட்டுவிட்டு உள்ளே போனான். மிச்சப் பேரும் பின்னாலே போனார்கள். நான் அதைச் சொல்லி முடிக்க எடுத்தது ஒரு மூச்சு நேரம்தான். மூன்று மொழியில் ஒட்டின தாள்கள் எல்லாம் அந்த ஒரு மூச்சில் செல்லாமல் போய்விட்டன. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒன்பது பேரும் வந்தார்கள். ஒருவர் பிந்தவில்லை, ஒருவர் லீவு கேட்கவில்லை, ஒருவருக்கும் தலையிடிகூட இல்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பாருங்கோ ஆக்கள் எவ்வளவு பொறுப்பா நிக்கினம் என்று நான் பெருமையாகச் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது. ஒரு தளத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லாத வாரம் வந்தால், நீ அதற்குப் பயப்படு தம்பி. நான் சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை ஹென்றிக்கின் மனைவி லிஸ் போன் எடுத்தார். ஹென்றிக்குக்கு நல்ல காய்ச்சல், மூச்சு இழுக்கிறது, வைத்தியர் கொரோனாப் பரிசோதனைக்கு அனுப்புகிறார் என்றார். ஒரே வானில் போகிறவன் என்பதால் அன்ரனை வீட்டில் நிற்கச் சொல்லப் போன் எடுத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, அக்கா எனக்கும் சுகமில்லை என்றான். எப்போதிருந்து என்று கேட்டேன். திங்கட்கிழமை தொண்டை நோவோடு எழும்பினானாம். செவ்வாய்க்கிழமை பெயின்ற் வாளியைத் திறந்து கிண்டும்போது அவனுக்கு ஒரு மணமும் வரவில்லையாம். இருபது வருசம் பெயின்ற் அடிக்கிறவன். மூக்கை வாளிக்குள்ளே கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறான். ஒன்றுமில்லை. அதன் பிறகும் புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் வந்து வேலை செய்திருக்கிறான். வியாழக்கிழமை, அந்த நடைபாதையில் இருக்கிற நெருப்புத் தடுப்புக் கதவுக்கு முதியோர் இல்லத்தின் பக்கத்தாலேயே நின்று பெயின்ற் அடித்திருக்கிறான். நான்தான் அடிக்கச் சொன்னேன்.

அன்றைக்கே வேலையை நிற்பாட்டினேன். முதியோர் இல்லத்துப் பொறுப்பாளருக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எந்தக் கதவு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கே இருந்த எல்லாருக்கும் பரிசோதனை செய்தார்கள். முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. சமைத்திருக்கிறேன், உடுப்புத் தோய்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அந்த நடைபாதைக்குப் பக்கத்து அறையில் ஒரு கிழவி இருந்தார். நாங்கள் வெளியில் ஏணி வைக்கும்போதெல்லாம் ஜன்னலுக்குக் கிட்ட வந்து, நாங்கள் செய்கிறது சரியா என்று பார்க்கிறவர் மாதிரி நிற்பார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. மூன்று நாளும் அவர்தான் என் கண்ணுக்குள் நின்றார். நாலாம் நாள், ஒருவருக்கும் இல்லை என்று பொறுப்பாளர் எடுத்துச் சொன்னார். நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் நிலத்திலே இருந்துவிட்டேன். அப்பா ஓடிவந்து தண்ணீர் தந்தார்.

ஆனால் ஹென்றிக்கை அதற்குள் தீவிர சிகிச்சைக்கு மாற்றி, மயக்கத்தில் வைத்து, மூச்சுக்கு மெஷின் போட்டுவிட்டார்கள். லிஸ் போய்ப் பார்க்கவும் விடவில்லை. நாளுக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குப் போன் வரும், அதன் பிறகு அவர் எனக்கு எடுப்பார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவர் கேட்டார், எப்படி இது அவருக்கு வந்தது, நீ எல்லாம் கவனமாகச் செய்தாய் என்று ஹென்றிக் சொன்னாரே என்று. நான் சொன்னேன்: "அன்ரனுக்குச் சுகமில்லாமல் இருந்திருக்குது. அவர் எங்களுக்குச் சொல்லேல்லை."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன மோசமான வசனம் அதுதான்.

அந்த வசனம் என்னைவிட வேகமாக ஓடியது. மற்ற ஆட்களுக்குத் தெரிந்தது, அவர்களுடைய வீடுகளுக்குத் தெரிந்தது, பிறகு எங்கள் சனத்துக்குத் தெரிந்தது. தமிழ்க் கடையில் அன்ரனின் மனைவியை வெளியிலேயே நிற்கச் சொல்லி, சாமானை வாசலில் வைத்தார்களாம். தனிமைப்படுத்தல் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகும் அப்படித்தானாம். ஒரு வயோதிப வெள்ளைக்காரனைக் கொன்றுபோட்டான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹென்றிக் சாகக்கூட இல்லை. எனக்கு இதெல்லாம் காதில் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அன்ரனுக்குக் காய்ச்சல் விட்ட பிறகு, மரக்கறியும் பாணும் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் வைத்தேன். அவன் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் நின்றான். மெலிந்துபோய் இருந்தான். சவரம் செய்யவில்லை. இனித் தான் வேலைக்கு வரவில்லை என்றும், வேறு ஆளைப் பாருங்கள் என்றும் சொன்னான். நான் அதைக் கேட்காதவள் மாதிரி, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏன் அன்ரன் எனக்குச் சொல்லேல்லை?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் மெல்லமாகத்தான் சொன்னான்.

"நீங்கள் அண்டைக்கு அப்பிடிச் சொன்னதுக்குப் பிறகு, எப்பிடி அக்கா சொல்லுறது?"

நான் வீட்டுக்கு வந்தேன். இந்த இடத்தில் உனக்கு நான் உண்மையைச் சொல்லவேண்டும். அடுத்த நாளே நான் எல்லாரையும் கூப்பிட்டுப் பிழையை ஒப்புக்கொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒன்பது நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. இப்போது சொன்னால் லிஸ் தாங்கமாட்டார், ஹென்றிக் கண் முழிக்கட்டும், ஆட்களுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டால் கம்பனியை யார் நடத்துவது என்று ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். எல்லாம் கேட்க நல்ல நியாயங்கள்தான். அந்த ஒன்பது நாளும் அன்ரனின் மனைவி கடை வாசலில் நின்றாள்.

பத்தாம் நாள் அன்ரனின் சாவியும் வேலைச் சப்பாத்தும் ஒரு பையில் போட்டு எங்கள் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் லிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அந்தக் காலை கொட்டிலுக்கு வெளியே நான் சொன்னதை, சொன்ன மாதிரியே திருப்பிச் சொன்னேன். அன்ரன் மறைத்ததற்குக் காரணம் நான் என்றேன். அவர், சரி, இப்போது எனக்குத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் எனக்கு அழுததும் இல்லை, ஏசினதும் இல்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரிச் செய்தியை எனக்குச் சொல்ல அவருடைய மகள்தான் எடுப்பாள்.

அடுத்த நாள் ஆட்களைக் கம்பனி வளவுக்கு வரச் சொன்னேன். ஒவ்வொருவரும் அவரவர் காரில் வந்து, கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். அன்ரன் வரமாட்டேன் என்றான். அவன் இல்லாமல் தொடங்கமாட்டேன் என்று சொல்லி அரை மணித்தியாலம் எல்லாரும் குளிரில் நின்றோம். கடைசியில் வந்தான். நான் தாளில் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். டேனிஷில் பிழை வந்திருக்கும், யாரும் திருத்தவில்லை. வாசித்து முடிந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மாரெக்தான் ஒரு கேள்வி கேட்டான்.

"நாளைக்கு நான் சுகமில்லை எண்டு போன் எடுத்தால், நீ முதல் என்ன கேட்பாய்?"

நான் எப்போதும் முதல் கேட்பது, எப்ப திரும்பி வருவாய் என்பதுதான். அது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். உன்னிட்டத் தேர்மோமீற்றர் இருக்கோ, சாப்பாடு இருக்கோ எண்டு கேட்பன் என்றேன். அப்போது என் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது, அதை நீங்கள் போனில் பார்க்கமாட்டீர்கள் தானே என்றும் சொன்னேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அன்ரன் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது, நான் கொண்டுவந்து வைத்திருந்த சாவிப் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு செய்ததெல்லாம் பெரிய கெட்டித்தனம் இல்லை. ஒரு வானில் ஒருவர். சுகமில்லை என்று எடுக்கிறவருக்கு, எடுத்ததற்கு நன்றி என்று முதல் சொல்லவேண்டும். எனக்கு வாயில் வராது, பழகினேன். வேலை இல்லாமல் வீட்டில் நிற்கிறவர்களையும் சேர்த்து, ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு, நாங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தில், எல்லாருமாகப் போனில் கதைப்போம். வேறு சின்ன வேலைகளில் நிற்கிறவர்கள் தங்கள் தங்கள் வானுக்குள் இருந்து பாணைக் கடித்துக்கொண்டு கதைப்பார்கள். தொடக்கத்தில் வேலையைப் பற்றித்தான் கதைத்தோம், பிறகு அது குறைந்தது. மாரெக்கின் மகள்மார் ஒரு நாள் போலந்திலிருந்து பாட்டுப் பாடினார்கள். ஒருவன் தனக்கு இரவில் நித்திரை இல்லை, சாவைப் பற்றியே யோசிக்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னான். பத்து வருசம் என்னோடு வேலை செய்தவன், மழை வருமா என்பதற்கு மேல் ஒன்றும் கதைக்காதவன். மே மாதம் முதியோர் இல்லத் தளம் திறந்தபோது, ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் வேலை செய்தோம். சொன்ன திகதிக்கு நாங்கள் முடிக்கவில்லை. இரண்டு கிழமை பிந்தித்தான் முடித்தோம். வானம் இடிந்து விழவில்லை.

ஹென்றிக் பத்தொன்பது நாளைக்குப் பிறகு கண் முழித்தார். மறுபடி நடக்கப் பழகவே கோடைகாலம் வந்துவிட்டது. நான் அவரைப் பார்க்கப் போன அன்றைக்கு அவர் வளவில் கதிரை போட்டு இருந்தார். லிஸ் எனக்குக் கோப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் என் பிழையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைத் தூக்கி என்னை நிற்பாட்டினார். வசனத்துக்கு நடுவில் மூச்சு வாங்கி வாங்கித்தான் கதைத்தார்.

"திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு இருந்தவன். நான் என்ர பக்கத்து ஜன்னலை ரெண்டு விரல் அளவு இறக்கி விட்டன். அவனும் அதைப் பார்த்தவன். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், கிழவனுக்குப் பயம் வந்துவிட்டது என்று நான் நினைப்பேன் என்று நினைத்தாராம்.

தம்பி, அந்த வானை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன். அரை மணித்தியால ஓட்டம், போக ஒன்று, வர ஒன்று, ஐந்து நாள். ஒருவனுக்குத் தனக்குச் சுகமில்லை என்று தெரியும். மற்றவருக்கு அவனுக்குச் சுகமில்லை என்று தெரியும். இரண்டு பேரும் நல்லவர்கள், ஒருவரில் ஒருவர் பட்சம் உள்ளவர்கள். குளிர் காற்று அந்த இரண்டு விரல் இடைவெளியால் வந்துகொண்டிருக்கிறது. நான் அந்த வானில் இல்லை, ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது நான்தான்.

ஹென்றிக் அதன் பிறகு சுத்தியல் தூக்கவில்லை. ஏணியில் மூன்று படி ஏறினால் மூச்சு முட்டுகிறது என்று ஓய்வு எடுத்துவிட்டார். அன்ரன் இன்றைக்கும் என்னோடுதான் வேலை செய்கிறான். மாதத்தில் ஒரு தரமாவது ஹென்றிக் வீட்டுக்குப் போய்ப் புல் வெட்டிக் கொடுக்கிறான். அந்தத் தமிழ்க் கடைக்கு அவன் மனைவி பிறகு போனதேயில்லை. லிஸ் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வார், கம்பனிக் கிறிஸ்மஸ் விருந்துக்கு மட்டும் வரமாட்டார். அவர் வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு நிற்பாட்டத்தான் நினைத்திருந்தேன். ஆனால் முந்தநாள், உன்னோடு ஓர்ஹுஸில் படித்த சோபி வந்தாள், உன் அறையில் விட்ட பூச்சாடிகளை எடுத்துப்போக. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, நீ போன இடத்தில் தனியே இருக்கப்போகிறாயே என்று நான் புலம்பினேன். என்னை ஆறுதல்படுத்தத்தான் அவள் சொன்னாள். அவன் கெட்டிக்காரன், கொரோனா வந்து அந்த மாணவர் அறையில் எட்டு நாள் தனியே கிடந்து எழும்பினவன் தானே என்று. கதவுக்கு வெளியே சூப் வைத்துவிட்டுப் போனது தான்தானாம். எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

எந்த மாதம் என்று கேட்டேன். ஏப்ரல் என்றாள். அவள் போன பிறகு பழைய போனைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு, நீ அந்த மாதம் அனுப்பின மெசேஜ்களைப் பார்த்தேன். எல்லாம் நல்லம் அம்மா. எல்லாம் நல்லம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதேதான். நான் திருப்பி எழுதியிருந்ததும் இருந்தது. படிக்கிறியோ. சோதனை எப்ப. ஒன்பது மணிக்கு ஆட்கள் எல்லாரிடமும் சாப்பிட்டாயா, காய்ச்சலா என்று கேட்கப் பழகின அதே நாட்களில், என் பிள்ளையிடம் அதை நான் கேட்டிருக்கவில்லை. நீ என்னைக் காப்பாற்ற நினைத்திருப்பாய். அம்மாவுக்கு ஹென்றிக்கின் கவலை போதும் என்று நினைத்திருப்பாய். எனக்கு அது விளங்குகிறது. விளங்குவதால் நோகாமல் இல்லை.

இனி என் பயம் எதுவென்று சொல்கிறேன். உயரத்திலிருந்து விழுகிறது, மின்சாரம், பாரந்தூக்கி இயந்திரம், அதெல்லாம் நீ படித்திருக்கிறாய், அதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். மறுபடி அப்படி ஒரு நோய் வந்தாலும் தாளில் எழுதி ஒட்ட உனக்குத் தெரியும். என் பயம் அதில்லை: நீ சுகமில்லாமல் எட்டு நாள் கிடந்தும் வாய் திறக்காதவன். உன்னைப் போலத்தான் நாற்பது பேரும் இருப்பார்கள். உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். நீ உன் நோவைச் சொல்லிக் காட்டினால்தான் அவர்கள் தங்கள் நோவைச் சொல்வார்கள். மேலதிகாரி தும்மினால் வீட்டுக்குப் போகிறான் என்று அவர்கள் கண்ணால் பார்க்கவேண்டும். அது எப்படிச் செய்வது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. நான் ஐம்பத்திரண்டு வயதில்தான் தொடங்கினேன், இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடு. டேனிஷிலேயே கதை, பரவாயில்லை. இருமல் இருந்தால் போனைத் தள்ளிப் பிடிக்காமல் இருமு. வேலை பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். நான் கலங்குவேன், அப்பாவைப் போட்டு உலுப்புவேன், காரை எடுத்துக்கொண்டு அங்கே வரட்டா என்று கேட்பேன். அது என் பாடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சொல்லு.

அம்மா